சாயக்காரர் சம்பந்தத்தின் மூக்கு

பட்டு நெய்யும் ஊரான பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் திருஞானசம்பந்தத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஞானப்பாலை மனதில் வைத்துத்தான் வைத்திருப்பார்கள். பிள்ளை வேறொரு திரவத்தில் ஞானம் பெறும் என்று அவர்கள் கண்டார்களா? வயது ஐம்பத்து மூன்று. ஒல்லியான தேகம். இரண்டு கையும் முழங்கை வரை ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். திங்கட்கிழமை அரக்கு, வியாழக்கிழமை மயில் பச்சை. வாரநாளில் ஊர் அவரைச் சாயக்காரர் என்று கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் அவர் பெயர் விஸ்கி வாத்தியார்.

இந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை. பட்டுக்குச் சாயம் ஏற்றுவது கண் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். பாதி வேலை மூக்கினுடையது. கோராப் பட்டு, அதாவது பசை போகாத பச்சைப் பட்டு, முதலில் சோப்பிலும் சோடாவிலும் கொதிக்க வேண்டும். அப்போது ஒரு நாற்றம் கிளம்பும். புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அந்த நாற்றம் ஒரு கட்டத்தில் மாறும். அந்த நொடியில் எடுத்தால் இழை மினுக்கும், தாண்டிவிட்டால் நைந்துபோகும். சம்பந்தம் அந்த நொடியைப் பதினெட்டு வயதிலேயே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

அந்த மூக்கை விஸ்கிக்கு அறிமுகப்படுத்தியவர் சிட்டிபாபு. காந்தி ரோட்டில் பட்டுக்கடை. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், வருமானவரிக்காரர் வந்தால் மௌனம். பம்பாயிலிருந்து வரும் வியாபாரிகள் அவருக்கு வெளிநாட்டுப் பாட்டில் கொண்டுவருவார்கள். ஒருநாள் நிற மாதிரி காட்டப் போன சம்பந்தத்துக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அவர் குடிக்காமல் மோந்துகொண்டே இருந்தார். பிறகு, "இதுல உலர்ந்த திராட்சை போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். பம்பாய்க்காரர் எழுந்து வந்து கை குலுக்கினார். அந்த விஸ்கி திராட்சை மது இருந்த பீப்பாயில் பன்னிரண்டு வருடம் கிடந்ததாம். அன்றைக்குச் சம்பந்தத்துக்கு வயது இருபத்து நான்கு. அதோடு அவர் கெட்டார் என்று அவர் மனைவி சொல்வாள். அதோடு அவர் உருப்பட்டார் என்று அவர் சொல்வார்.

அதிலிருந்து யார் வீட்டுக்குத் துபாயிலிருந்து பாட்டில் வந்தாலும், அது அசலா போலியா என்று பார்க்க அவரிடம்தான் வரும். சிட்டிபாபு கடையின் மாடியில், சேலைக் கட்டுகளுக்கு நடுவில், ஞாயிறுதோறும் ஒரு சபையே கூடியது. புரட்டாசி பிறந்தால் சபையில் கறி வறுவல் மட்டும் நிற்கும், மற்றது வழக்கம்போல. ஒவ்வொரு வகைக்கும் சம்பந்தம் ஒரு விளக்கம் வைத்திருந்தார். கரி மூட்டத்தில் உலர்த்திய தானியத்தில் செய்யும் ஸ்காட்லாந்து விஸ்கியை, "சூடான இஸ்திரிப் பொட்டியில தண்ணி ஊத்தினா மாதிரி" என்பார். அமெரிக்காவின் சோள விஸ்கி என்றால், "புது பீரோவுக்குள்ள தலையை உட்டுக்கினு வெனிலா ஐஸ்கிரீம் துன்றா மாதிரி." கம்பு மாதிரி ஒரு தானியத்தில் செய்வார்களே, அதை மோந்துவிட்டு, "மிளகு, சுக்கு. அப்பிடியே நம்ம ஊரு கோயில் இட்லி" என்று சொன்னபோது சபை எழுந்து நின்றது. அயர்லாந்து விஸ்கி அவருக்குப் பிடிக்காது. "சாதுப் பையன், மாப்பிள்ளையா எடுக்கலாம், சிநேகிதனா வெச்சிக்க முடியாது" என்பார்.

சம்பந்தம் தன்னைக் குடிகாரர் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குடிகாரன் என்பவன் கடை வாசலிலேயே நின்று, ஒரே மடக்கில் அண்ணாந்து, ஊறுகாயை நக்குகிறவன். அவர் அப்படியா? கோப்பையைச் சுழற்றுவார், மோப்பார், கண்ணை மூடுவார், ஒரு துளி தண்ணீர் விடுவார், மறுபடியும் மோப்பார். இத்தனை மரியாதையோடு ஒருவர் குடித்தால் அது குடியா? ஆராய்ச்சி. கடைசியில் இரண்டு பேருக்கும் ஏறுவது ஒன்றுதான் என்பதை மட்டும் அவர் ஆராயவில்லை.

அவர் மனைவி சங்கரி பக்கத்துக் கிராமமான கூரத்தைச் சேர்ந்தவள். வீட்டில் ஊடைக்கு, அதாவது தறியின் குறுக்கிழைக்கு, நூல் சுற்றுகிறவள். வாய் அதிகம் பேசாது, கை நிற்காது. கல்யாணமான நாளிலிருந்து, அவர் சபை முடிந்து வந்து கதவைத் தட்டினால் திறந்ததும் அவள் சொல்லும் முதல் சொல், "ஊது." போலீஸ்காரர்கள் கையில் மெஷின் வருவதற்கு வெகுநாள் முன்பே அந்த வீட்டில் இந்த முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. அவர் ஊதுவார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போவாள். சில வருடம் கழித்து, "இது போன வாரம் குடிச்சது இல்ல. வேற" என்று சொல்ல ஆரம்பித்தாள். சம்பந்தத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, உனுக்கே வித்தியாசம் தெரியுது பாரு!" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 2021 வைகாசி வரை. கொரோனாவின் இரண்டாம் அலையில் சம்பந்தத்துக்கு நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, பத்தாம் நாள் பட்டறைக்குப் போய், கோராவைக் கழியில் மாட்டி அண்டாவில் இறக்கிவிட்டு நாற்றத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பட்டு நைந்து கழியிலிருந்து நழுவியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அன்றைக்கு அவர் பட்டறை மூலையில் உட்கார்ந்து அழுதார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. அவருக்கு வரவே இல்லை. பட்டறையில் செல்போனில் மணி வைத்துச் சமாளித்தார். சபையில் எந்த மணி வைப்பது?

சங்கரி அவராகச் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கரியாகி, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் புகை. சம்பந்தம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சங்கரி பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"மூக்கு போச்சா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப இனிமே எதுக்குக் குடிக்கிற?"

வாசனைக்காகத்தான் குடிக்கிறேன், போதைக்காக இல்லை என்று கால் நூற்றாண்டாக அவளிடம் சொல்லி வந்தவர் அவர். வாசனை போய்விட்டது. ஞாயிறு போகவில்லை. "ஒருத்தர் கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் சொன்னார். அவள் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

இனிமேல் நான் சொல்லப்போவதை உலகத்து நிபுணர்கள் எல்லாம் மன்னிக்க வேண்டும். மூக்கு போன பிறகுதான் சம்பந்தத்தின் புகழ் வளர்ந்தது. முன்பெல்லாம் "திராட்சை", "கரி" என்று ஒரு சொல்லில் முடிப்பார். இப்போது தெரியாததால் நிறையப் பேசினார். "மழை பேஞ்ச மறுநாள் மரப்பட்டறை", "நடுவுல ஒரு தயக்கம், அப்புறம் ஒரு தெளிவு" என்றெல்லாம் விட்டார். சபை வாயைப் பிளந்தது. தயக்கமாவது தெளிவாவது!

பேச்சு மட்டும் போதாது என்று ஒரு வித்தையும் கண்டுபிடித்தார். பசை எடுத்த வெள்ளைப் பட்டு நூலைக் கோப்பையில் முக்கி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரில் அலசுவார். நிறம் நூலில் தங்கினால் மரப் பீப்பாய் கொடுத்த நிறம். அலசியதும் போய்விட்டால் கம்பெனி கலந்த சர்க்கரைச் சாயம். "மனுஷன் பொய் சொல்லுவான், லேபிள் பொய் சொல்லும், பட்டு சொல்லாது" என்று வசனம் வேறு. சாயக்காரரிடமே சாயம் காட்டப் பார்த்த பல பாட்டில்கள் இப்படி மானம் இழந்தன. அதில் அவருக்கு நிஜமான ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறம் சரி, மற்றதற்கு? அதற்கு வீட்டிலேயே வழி இருந்தது. யாராவது பாட்டில் கொடுத்து அபிப்பிராயம் கேட்டால் சனிக்கிழமையே கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு வாய் குடிப்பார். சங்கரி வழக்கம்போல "ஊது" என்பாள். ஊதிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல, "எப்பிடி இருக்குது?" என்று கேட்பார். "சிட்டிபாபு பொண்ணு வளைகாப்பு அன்னிக்கி வந்தியே, அது" என்பாள் அவள். வளைகாப்பு அன்று என்ன குடித்தோம் என்பது சம்பந்தத்துக்கு ஞாபகம் இருக்கும். அவர் வேறெதை மறந்தாலும் அதை மறப்பவரில்லை. மறுநாள் சபையில் கண்ணை மூடிக்கொண்டு பெயரைச் சொல்லிவிடுவார். பாட்டிலை நேராக மோந்து பார்க்கச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் வாய் வழியாக வந்தால்தான் தெரியும். இருபத்தேழு வருடம் அவள் படித்த பாடம் அந்த ஒரு புத்தகத்தில்தானே!

இப்படி மூன்று வருடம் ஓடியது. கெடுத்தவர் சபையில் ஒருவரான துரைக்கண்ணு. வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம், இப்போது கட்சியில் ஏதோ பொறுப்பு, கையில் எப்போதும் புதுப் போன். அவர் பட்டு நூல் வித்தையைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். அதை லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவன் சென்னையில் விஸ்கிச் சங்கம் நடத்தும் குரு என்கிற பையன். முப்பத்தைந்து வயது, தாடியைத் தினமும் சீவுகிறவன். சென்னையில் பெரிய ஓட்டலில் போட்டி நடக்கப்போகிறது, நடுவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவராகச் சம்பந்தம் வர வேண்டும், அதற்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை, அடுத்த ஞாயிறு நானே வருகிறேன் என்று போனில் சொன்னான். "லேபிள் கிடையாது சார். கருநீலக் கப்புல ஊத்திடுவோம், கலர் தெரியாது. நூலும் அலோ பண்ண மாட்டோம். ப்யூர் நோஸ்!"

சம்பந்தத்துக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. மறுநாள் காலை சங்கரி நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்து போட்டி விஷயத்தைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நீ என்கூட சபைக்கு வரணும்."

ராட்டை நின்றது. "நானா? அங்கியா?"

"நான் குடிச்சிட்டு உன் பக்கம் திரும்பி ஊதறேன். நீ காதுல சொல்லு. அவ்ளோதான்."

"மூக்கு இல்லாத மனுஷனுக்கு நடுவர் நாற்காலி எதுக்கு?"

சம்பந்தம் தன் அரக்குக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கப்பாவும் சாயக்காரன், நானும் சாயக்காரன். கடைக்குப் போனா உக்கார சொல்லமாட்டான், கை பட்டா சேலை கெட்டுடும்னு. அந்த மாடியில ஒரு எடத்துலதான் நான் உக்காந்தா நாலு பேர் நிக்கிறான். அது போச்சின்னா எனுக்கு இன்னா இருக்குது, சொல்லு."

சங்கரி நின்ற ராட்டையில் நூலைச் சரிசெய்தாள். "வரேன்" என்றாள். "ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். அப்புறம், நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல. அதை சொல்லணும்."

"எது?"

"எதுன்னு உனுக்குத் தெரியும்."

ஞாயிறு பதினொரு மணி. கீழே கடையில் ஆவணி முகூர்த்தக் கூட்டம். மாடிப்படியில் சங்கரி ஏறி வருவதைப் பார்த்து சபை பதறியது. துரைக்கண்ணு கையிலிருந்த வறுவலைப் பின்னால் மறைத்தார், ஏனென்று அவருக்கே தெரியாது. "வாம்மா தங்கச்சி" என்று சிட்டிபாபு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "டாக்டர் சொல்லிட்டாரு, வீட்டுக்காரம்மா பக்கத்துல இருந்தாத்தான் ஒரு வாய் தொடலாமாம்" என்று சம்பந்தம் தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னார். எந்த ஊர் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை.

மேசையில் நாலு கருநீலக் கோப்பைகள். பின்னால் காகிதம் சுற்றிய நாலு பாட்டில்கள். நடுநடுவே வாயைக் கழுவத் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். குரு போனை அணைத்து வைத்தான். "ஸ்டார்ட் பண்ணலாம் சார்."

சம்பந்தம் முதல் கோப்பையைச் சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடினார். உள்ளே ஒன்றும் இல்லை. வெந்நீரை மோப்பதுபோல இருந்தது. ஒரு வாய் குடித்தார். ஏதோ ரகசியம் சொல்வதுபோல மனைவி பக்கம் சாய்ந்து ஊதினார். காதில் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். சங்கரிக்குக் காதில் பேசிப் பழக்கமில்லை.

"இது மறுவீட்டு அன்னிக்கி குடிச்சது" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "கல்யாணமாயி அஞ்சாம் நாளு. எங்கம்மா எலை போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துக்கினு இருந்தாங்க. எலை வாடிப்போயி, வேற எலை போட்டு, அதுவும் வாடிப்போச்சி. அப்புறம்தான் இவுரு வந்தாரு."

சபை கொல்லென்று சிரித்தது. சம்பந்தத்துக்கு வியர்த்தது. ஆனால் தலைக்குள் ஒரு பாட்டில் தானாக வந்து நின்றது. அன்றைக்குப் பம்பாய்க்காரர் கொண்டுவந்தது. "ஸ்காட்லாந்து. கலவை விஸ்கி. பன்னெண்டு வருஷம். தேன் வாசனை" என்றார்.

குரு காகிதத்தைப் பிரித்தான். கண் விரிந்தது. "சார், பர்ஃபெக்ட்!" எல்லோரும் கை தட்டினார்கள்.

இரண்டாவது கோப்பை. குடித்தார், ஊதினார்.

"எங்க பையன் உதயகுமார் பொறந்த அன்னிக்கி" என்றாள் சங்கரி. "சபையில விருந்தாளி வந்திருந்தாராம். ஆஸ்பத்திரிக்கு வந்து கொழந்தைக்கு கையை நீட்டினாரு. நர்ஸம்மா, வாயி நாறுது, அப்பால போய்யான்னுட்டாங்க. புள்ளைய மறுநாள்தான் தூக்கினாரு."

இந்த முறையும் சிரித்தார்கள், கொஞ்சம் குறைவாக. ஆஸ்பத்திரி, நர்ஸ், பையன், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு சம்பந்தம் அன்றைய கோப்பையைத் தேடிப் பிடித்தார். சிட்டிபாபுவின் அமெரிக்கா மச்சான். "அமெரிக்கா. சோளம். புது மரம், வெனிலா."

அதுவும் சரி. குருவுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. மூக்கு எந்த நாற்காலியில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு சங்கரியிடம் திரும்பிச் சிரித்தான். "ஆன்ட்டி, பேசாம நீங்களே ஜட்ஜா வந்துடுங்க! அஞ்சாவது சீட் உங்களுக்குத்தான்."

"அத்தினி பேர் வாயையும் நான் மோந்து பாக்கறதா? ஒருத்தன் வாயே போதும்பா எனுக்கு" என்றாள் அவள். மாடி அதிர்ந்தது. சிட்டிபாபுவுக்குப் புரையேறியது.

மூன்றாவதைக் குடித்ததும் சம்பந்தத்தின் தொண்டை எரிந்தது. எரிச்சல் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. ஊதினார். சங்கரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுளிப்பு இல்லை. சேலைக் கட்டுகளைப் பார்த்தபடி பேசினாள்.

"எங்கப்பா செத்த அன்னிக்கி" என்றாள். "கூரத்துல. எடுக்கற நேரத்துக்கு நீ வந்த."

நாலு பேர் முன்னால் அவள் அவரை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"வந்து தோள் குடுக்கப் போன. எங்கண்ணன், மாப்ள, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னு கையைப் புடிச்சி நவுத்திட்டான். எங்கப்பாவுக்கு உன்மேல ரொம்பப் பிரியம். நீ தொடாமலே போயிட்டாரு."

சம்பந்தத்துக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. தன் உயரம் மற்ற மூன்று பேருக்கும் சமமாக இல்லை, அதனால்தான் நகர்த்தினார்கள் என்று பன்னிரண்டு வருடமாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டது.

யாரும் சிரிக்கவில்லை. கீழே யாரோ பார்டரை இன்னும் அகலமாகக் காட்டச் சொல்லும் சத்தம் கேட்டது.

"சார்?" என்றான் குரு மெதுவாக.

"கரி மூட்டம்" என்றார் சம்பந்தம். "ஸ்காட்லாந்துல ஏதோ ஒரு தீவு." இஸ்திரிப் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குரு காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். கை தட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் துரைக்கண்ணு ஒரு தடவை தட்டி நிறுத்தினார்.

"போதும்பா. வுட்டுடலாம்" என்றார் சிட்டிபாபு. ஆனால் நாலாவது கோப்பை மேசையில் இருந்தது. அது சரியானால் நடுவர் நாற்காலி அவருடையது. சம்பந்தம் அதை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். இந்த முறை ரகசியம்போலச் சாயவில்லை. நேராக அவளைப் பார்த்து உட்கார்ந்து ஊதினார். என்ன வரப்போகிறது என்று நினைத்து அவருக்குப் பயமாக இருந்தது.

சங்கரி மோந்தாள். புருவத்தை நெரித்தாள். "இன்னொரு வாட்டி" என்றாள். அவர் மறுபடியும் ஊதினார். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"இது எனுக்குத் தெரியாது" என்றாள். "இந்த வாசனையோட நீ ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்ல. நல்லா இருக்குது."

குரு பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். சம்பந்தத்திடம் அடித்துவிட ஒரு குத்துமதிப்பு இருந்தது. தொண்டையில் இறங்கிய பதத்தை வைத்து ஜப்பான் என்றோ பெங்களூர் என்றோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம், கூடவே ஒரு தயக்கம், ஒரு தெளிவு. மூன்று வருடமாகச் செய்ததுதான். கோப்பையை வைத்தார்.

"என் பொண்டாட்டிக்குத் தெரியாதது எனுக்கும் தெரியாதுபா" என்றார். "மூக்கு போயி மூணு வருஷம் ஆவுது. கொரோனால போச்சி. ஒரு வாசனையும் தெரியாது. இத்தினி நாளா உங்க எல்லாரையும் ஏமாத்திக்கினு இருந்தேன்."

"அப்ப எதுக்கு அண்ணே..." என்று ஆரம்பித்தார் துரைக்கண்ணு. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "வாசனையே தெரியாம எதுக்குக் குடிச்சிக்கினு இருந்தீங்க?"

சம்பந்தம் துரைக்கண்ணுவைப் பார்க்கவில்லை. சங்கரியைப் பார்த்துச் சொன்னார். "சும்மாத்தான். குடிகாரன் எதுக்குக் குடிப்பான்?"

குரு பாவம், நல்ல பையன். நாலாவது பாட்டிலைப் பிரித்து, அது தைவானிலிருந்து வந்தது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றெல்லாம் ஆறுதல் சொன்னான். அதை யாரும் கேட்கவில்லை. சம்பந்தம் எழுந்தார். கோப்பையில் முக்கால் பங்கு அப்படியே இருந்தது. அவர் இனிமேல் குடிக்கவே இல்லை என்று நான் எழுதினால் நீங்களும் நம்பப்போவதில்லை, பிள்ளையார்பாளையத்திலும் நம்பமாட்டார்கள். அதனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

படியில் பாதி இறங்கியதும் அவர் நின்றார். கீழே முகூர்த்தப் புடவைக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரி எத்தினி ஞாபகம் வெச்சிக்கினு இருக்கிற?"

"எல்லாம்" என்றாள் சங்கரி.

"எல்லாம்னா?"

"நீ எத்தினி நாள் ஊதினியோ அத்தினியும்."

சம்பந்தம் அங்கேயே படியில் உட்கார்ந்தார். சேலைக் கட்டைத் தூக்கி வந்தவன் "கொஞ்சம் நவுருங்க" என்றான். அவர் சுவரோரமாக நகர்ந்து, பக்கத்தில் அவளுக்கும் இடம் விட்டார்.

"சொல்லு" என்றார்.

"இங்கியா?"

"வீட்டுக்குப் போனா எனுக்கு தைரியம் போயிடும். இங்கியே சொல்லு."

சங்கரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணத்தன்று ராத்திரியிலிருந்து ஆரம்பித்தாள்.